ஒரு புலம்பற் பாட்டு நடந்து வந்த வழி

நூற்றாண்டு விழாவின் இசை நிகழ்ச்சிக்கு எவற்றைப் பாடுவது என்று தீர்மானிக்க நாம் கூடியிருந்த மாலையில், எம்மில் மூத்த அக்கா ஒருவர் "ஓ வோஸ் ஓம்னெஸ் பாடலாம்தானே" என்றார். தவக்காலம் வந்தால் எமது பாடகர் குழு அதைப் பழகும் காலம் ஒன்று இருந்தது. நான்கு குரலுக்கு எழுதப்பட்டதைப் பெண்பிள்ளைகளுக்கு ஏற்ப மூன்று குரலாகக் குறுக்கி, ஹார்மோனியத்தில் ஒவ்வொரு குரலாகப் பிரித்து வாசித்துக் காட்டிய சிஸ்டரை அவர் நினைவுபடுத்தினார். அப்போது இன்னொருவர் கேட்டார்: "கோணேசர் கோயிலை இடிச்சவங்கட பாட்டை, கோணமலையில நிண்டு நாங்களே பாடுறதோ அக்கா?"

ஒருவரும் பேசவில்லை. தேநீர் வந்தது. பேச்சு மண்டப வாடகைக்குத் திரும்பிவிட்டது.

கேட்டவர் கோபத்தில் கேட்கவில்லை. அவரும் அதே குழுவில் இரண்டாம் குரல் பாடியவர்தான். நெற்றியில் திருநீற்றோடு வந்து லத்தீனில் பாடிவிட்டு வீட்டுக்குப் போனவர். எமது வகுப்புகளில் அப்படிப் பலர் இருந்தோம். எவருக்கும் பாட்டின் பொருள் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருப்போமோ என்னவோ. காலம் கடந்தாவது கேட்கப்பட்டுவிட்டது. தேநீரோடு அதை விழுங்கிவிடாமல், இந்த மலரில் கொஞ்சம் எடுத்துப் பார்க்க விரும்பினோம்.

முதலில் பாட்டைப் பற்றி. இளைய தங்கைமாருக்கு மோட்டெட் என்ற சொல்லே புதிதாக இருக்கலாம். லத்தீன் மறைநூல் வாசகம் ஒன்றை எடுத்து, நான்கு, ஐந்து, சில வேளை எட்டுக் குரல்களுக்குப் பிரித்து அமைத்த சிறிய கோயிற் பாட்டு அது. பூசையின் நிலையான பகுதிகளுக்கு வெளியே, காணிக்கை நேரத்திலும் பவனியிலும் திருநாட்களிலும் பாடப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் அது உச்சத்தில் இருந்தது. பலஸ்திரினா, லாசுஸ், பேர்ட் ஆகியோர் அதன் பெரிய பெயர்கள். கர்நாடக சங்கீதம் பழகிய காதுக்கு அது முதலில் குழப்பமாகத்தான் கேட்கும். எமக்கு ஒரு பாட்டு என்றால் ஒரு மெட்டு, மற்றதெல்லாம் பக்கவாத்தியம். மோட்டெட்டில் நான்கு குரலுக்கும் நான்கு மெட்டு, நான்கும் ஒரே நேரத்தில் போகும். பக்கவாத்தியம் என்று ஒதுங்கி நிற்பது எதுவும் இல்லை. ஒரு குரல் தன் சுரத்தை விடாமல் பிடித்திருக்க, மற்றக் குரல்கள் நகர்ந்துபோய் அதனுடன் உரசும். பிறகு பிடித்திருந்த குரல் ஒரு படி இறங்கி இணங்கும். துயரம் என்ற சொல் வரும் இடங்களில் இந்த உரசலும் இறக்கமும்தான் பாட்டின் உயிர். சிஸ்டர் அதை விளக்கவில்லை. "பிடி, பிடி, இப்ப விடு" என்று மட்டும் சொல்லித் தந்தார். அதுவே போதுமாக இருந்தது.

நாம் பாடியது தோமாஸ் லூயிஸ் டி விக்ரோறியாவின் அமைப்பு. (மகாராணியை நினைத்துக்கொண்டிருந்த காலமும் உண்டு. விக்ரோறியா என்பது இவரது குடும்பப் பெயர். இவர் ஸ்பானியக் குரு.) 1548ஆம் ஆண்டளவில் அவிலா நகரில் பிறந்தவர். அவிலா என்றதும் எமது பழைய மாணவியருக்குப் புனித தெரேசா நினைவுக்கு வருவார், அதே ஊர்தான். பேராலயப் பாடகர் குழுவில் சிறுவனாகப் பாடி, பின் உரோமைக்குச் சென்று, யேசு சபையினரின் ஜேர்மானியக் கல்லூரியில் படித்தார். 1572இல் வெனிஸ் நகரில் அச்சான அவரது முதல் மோட்டெட் தொகுதியில் 33 பாட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஓ வோஸ் ஓம்னெஸ். அதற்கு ஆறு ஆண்டுகளின் பின், 1578இல், கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சேறியது. இந்த மோட்டெட்டும் தமிழ் அச்செழுத்தும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை.

இனி, அன்றைக்கு எமக்குத் தெரியாமலிருந்த பொருள். வாசகம் பழைய ஏற்பாட்டின் புலம்பல் நூலில், முதலாம் அதிகாரத்தில் உள்ளது. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமைப் பிடித்து ஆலயத்தை எரித்தனர். அந்தப் பாழான நகரம் ஒரு கைம்பெண்ணாகத் தெருவோரம் இருக்கிறது. வழியால் போகிறவர்களைக் கூப்பிட்டு, நின்று பார்க்கும்படி கேட்கிறது. தன் துயருக்கு ஈடான துயர் எங்காவது உண்டா என்று கேட்கிறது. அவ்வளவுதான் பாட்டு. விக்ரோறியா அந்தக் கடைசிக் கேள்வியை இரண்டு முறை வைத்திருக்கிறார். நடுவில் எல்லா மக்களையும் அழைத்துவிட்டு, திரும்பவும் அதே கேள்விக்கு, அதே இசைக்கு வந்து முடிக்கிறார். பதில் வருவதில்லை.

திருச்சபை இந்த வாசகத்தைப் பரிசுத்த வாரத்துக்கு எடுத்துக்கொண்டது. சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் வாய்மொழியாகவும், கீழே நிற்கும் வியாகுல மாதாவின் வாய்மொழியாகவும் அது கேட்கப்பட்டது. ஆனால் வேரில் பேசுவது யார் என்று பார்த்தால், கோயில் இடிக்கப்பட்ட ஓர் ஊர். பெண்ணாக உருவகிக்கப்பட்ட ஊர். திருகோணமலையில் பிறந்தவர்களுக்கு இந்த இடத்தில் மேலும் விளக்கம் தேவையில்லை.

சம்பந்தர் பதிகம் பெற்ற கோணமாமலைக் கோயிலை 1622க்கும் 1624க்கும் இடைப்பட்ட காலத்தில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா. கோயிற் கற்களே கோட்டைக்குப் போயின. இன்று பிரெட்றிக் கோட்டை என்று நாம் அழைக்கும் அதன் வாசலில், கயல் பொறித்த கல்லைக் கடந்துதான் சுவாமி மலைக்கு ஏறுகிறோம். காப்பாற்றப்பட்ட திருமேனிகளின் வழிபாடு குடாவுக்கு அப்பால் தம்பலகாமத்தில் ஆதி கோணநாயகர் கோயிலாகத் தொடர்ந்தது. கோயிலைப் பற்றிய போர்த்துக்கேயர் பக்கத்து விவரணை யேசு சபைக் குருவான பெர்னாவு டி கெய்ரோஸ் எழுதிய நூலில் உண்டு. இடித்தவர்களின் தரப்பில் நின்று எழுதியவர் என்றாலும், அங்கு இருந்தது எவ்வளவு பெரியது என்பதை அவர் மறைக்கவில்லை.

விக்ரோறியாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டு நழுவலாம். அவர் 1611இலேயே இறந்துவிட்டார். ஆனால் தொடர்பு இருக்கிறது. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் ஒரே அரச குடும்பம் ஆண்டது. 1587 முதல் விக்ரோறியா மத்ரித்தில் கன்னியர் மடம் ஒன்றில் பேரரசி மரியாவின் குருவாகப் பணியாற்றினார். மரியா, இரண்டாம் பிலிப்பு மன்னனின் சகோதரி. கொழும்பும் மன்னாரும் அந்த மன்னனின் முடிக்குக் கீழ் இருந்தன. யாழ்ப்பாண அரசு வீழ்ந்த 1619இல் ஆண்டவன் அவன் மகன். கோணேசர் கோயில் வீழ்ந்தபோது ஆண்டவன் பேரன். அந்த வீட்டில் பாடியவர்தான் எமது பாட்டுக்காரர். எம்மிடையே கேட்கப்பட்ட கேள்வி வீண் கேள்வி அல்ல.

என்றாலும், பாட்டு இந்த மண்ணுக்கு வந்தது கோட்டையின் வழியாக அன்று. போர்த்துக்கேயர் திருகோணமலையில் இருந்தது ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள்தான்; 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். நான்கு குரல் இசை ஊன்ற வேண்டுமானால் பாட்டுப் பள்ளி வேண்டும், ஏடெழுதுவோர் வேண்டும், தலைமுறை வேண்டும். பீரங்கி மேடையில் அது முளைக்காது. முளைத்த இடம் கோவா. அங்கே 16ஆம் நூற்றாண்டிலேயே கோயிலோடு பள்ளியும், பள்ளியில் வாசிப்போடு பாட்டும் கற்பிக்கப்பட்டன. காலப்போக்கில் கோவா மக்களே மோட்டெட் எழுதத் தொடங்கினார்கள். இன்றும் தவக்காலத்தில் அங்கே லத்தீன் மோட்டெட்டுகள் பாடப்படுகின்றன. உயர்ந்த குரல்களும் கீழ்க்குரலும், வயலின், கிளாரினெற், பெரிய டபிள் பேஸ் எல்லாம் சேரும். பலஸ்திரினா கேட்டால் தன் பேரப்பிள்ளை என்று உடனே கண்டுபிடிக்க மாட்டார். கொங்கணிச் சாயல் அவ்வளவு. அங்கே பாடுகளின் பவனியில் வெரோணிக்காவாக வரும் இளம்பெண், திருமுகம் பதிந்த துணியை மெல்ல விரித்தபடி தனியாகப் பாடுவதும் இதே ஓ வோஸ் ஓம்னெஸ் வாசகம்தான். தெருவில் நின்று, போகிறவர்களைப் பார்த்து.

கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த கதையில்தான் எமக்கு வியப்பு. 1578 முதல் 1585 வரை விக்ரோறியா உரோமையில் புனித ஜிரோலமோ கோயிலில் பணியாற்றினார். புனித பிலிப்பு நேரி வாழ்ந்த இல்லம் அது. பிலிப்பு நேரி மாலை வேளைகளில் சாதாரண மக்களைக் கூட்டி, செபமும் உரையாடலும் நடத்தி, லத்தீனில் அல்லாமல் மக்களின் சொந்தப் பேச்சான இத்தாலிய மொழியில் பாடவைத்தவர். அந்தக் கூட்டத்திலிருந்து பிறந்ததே ஒரற்றோரியன் சபை. அது போர்த்துக்கலுக்குப் பரவியது. ஐரோப்பியத் துறவற சபைகள் கோவாவின் சுதேசக் குருமாரைச் சேர்த்துக்கொள்ள மறுத்த காலத்தில், அவர்கள் தமக்கென ஒரு சபையை அமைத்து ஒரற்றோரியரின் ஒழுங்கைத் தமதாக்கிக்கொண்டார்கள். அச்சபையில் 1685இல் இணைந்தவர் யோசேப் வாஸ். 1687இல் அவர் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த நாட்கள் அவை. வெறுங்காலோடு நடந்து, ஒளிந்து, இரவில் பூசை வைத்து, 1711இல் கண்டியில் இறந்தார். 2015இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அவரது இறுதிக் காலத்தில், 1705இல், வந்து சேர்ந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தமிழும் சிங்களமும் கற்று இரு மொழியிலும் நூல் பல எழுதியவர். சிங்களத்தில் அவரது துக்பிராப்தி பிரசங்கமும் தமிழில் வியாகுலப் பிரசங்கமும் எழுந்தன. பாடு என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல் பசாம் ஆகியது. உயிர்ப்புப் பெருவிழாவைக் குறிக்கும் சொல் பாஸ்கு ஆகியது. வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்கால இரவுகளில் பெரியவர்கள் இழுத்து வாசிக்க நாம் கேட்டிருக்கிறோம். வாசிப்பு என்றும் சொல்ல முடியாது, பாட்டு என்றும் சொல்ல முடியாது. நித்திரை தூங்கி அம்மாவிடம் கிள்ளு வாங்கியவர்களும் எம்மில் உண்டு.

லத்தீன் மோட்டெட்டை அவர் கொண்டுவரவில்லை. அதைவிடப் பெரிய காரியம் செய்தார். பாடுகளின் புலம்பலைத் தமிழுக்குள் இறக்கினார், பிலிப்பு நேரி இத்தாலியருக்குச் செய்ததுபோல. தமிழில் அதற்கு வீடு ஏற்கெனவே கட்டியிருந்தது. செத்த வீட்டில் பெண்கள் ஒப்புச் சொல்லி அழுவதை இவ்வூரில் யார் கேட்டதில்லை? ஒப்பாரி என்ற சொல்லுக்குள்ளேயே ஒப்பு இருக்கிறது. இதற்கு ஒப்பு உண்டா என்பதுதான் விக்ரோறியா இரண்டு முறை கேட்க வைத்த கேள்வியும். எருசலேமின் கைம்பெண்ணும் எங்கள் ஆச்சிமாரும் ஒரே இலக்கணத்தில் அழுதிருக்கிறார்கள். புகைப்படத்தைக் கையில் பிடித்துத் தெருவோரம் நின்று, போகிறவர்களைப் பார்க்கும் தாய்மாரை இந்த ஊர் அண்மைக் காலத்திலும் கண்டது.

கொன்சால்வெஸ் அடிகளாரைப் பற்றி இன்னொன்று. அவர் 1676இல் பிறந்தது கோவாவின் திவார் தீவில். கடம்ப அரசர்கள் வழிபட்ட சப்தகோடீஸ்வரர் என்னும் சிவன் கோயில் இருந்த தீவு அது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள். இலிங்கம் ஆற்றுக்கு அப்பால் நார்வே என்ற ஊருக்குக் கொண்டுபோகப்பட்டு, 1668இல் சிவாஜி மன்னரால் அங்கே கோயில் திருத்தி எழுப்பப்பட்டது. கோணேசருக்குத் தம்பலகாமம் போல, சப்தகோடீஸ்வரருக்கு நார்வே. கோயில் இழந்த தீவிலிருந்து வந்த ஒருவர், கோயில் இழந்த இன்னொரு தீவின் மொழியில் வியாகுலத்தை எழுதினார். இதை நாம் கண்டதும் எமது கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்குத்தான் முதலில் சொன்னோம். "அப்ப அவருக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பழைய மாணவியர் சங்கம் என்ற வகையில் எமக்கு வேறொரு கணக்கும் உண்டு. பேசுவது ஒரு பெண். ஆனால் இந்தப் பாட்டைக் கோயிலில் பாடியவர்கள் ஆண்களும் சிறுவர்களும். மேற்குரலுக்குச் சிறுவர்கள் போதாவிட்டால் பெரிய ஆண்கள் கள்ளக்குரலில் பாடினார்கள், பெண்களைக் கேட்கவில்லை. மடங்களுக்குள் மட்டும் நிலைமை வேறு. இத்தாலியில் பெராரா நகரத்துப் புனித வீத்துஸ் மடத்துக் கன்னியர் பாடியதோடு நில்லாமல் கொம்பும் திறம்போனும் ஊதினார்கள். கேட்கப் பிரபுக்கள் வந்தார்கள். அம்மடத்தின் ரபாயேலா அலியோத்தி 1593இல் தமது மோட்டெட் தொகுதியை வெனிஸில் அச்சிட்டார். ஒரு பெண் எழுதிய கோயில் இசை அச்சாகிய முதல் நூல் அதுவே. இதைப் பள்ளியில் எமக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

1903இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் பழைய பல்குரல் இசையை மீண்டும் உயர்த்திப் பிடித்தார். அதே ஆணையில், பாடகர் பணி வழிபாட்டுப் பணி என்பதால் பெண்கள் பாடகர் குழுவில் இடம்பெற முடியாது என்றும் எழுதினார். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவாகி அப்போது பத்து வயது. 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர், சிறுவர் போதாத இடங்களில் பெண்கள், பீடப்பகுதிக்கு வெளியே நின்று, பாடலாம் என்று இளகினார். 1967இல்தான் பெண்களும் சேர்ந்த பாடகர் குழு தயக்கமின்றி ஏற்கப்பட்டது. எம்மில் மூத்தவர்கள் பாடிய காலத்தை இந்த ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தால், சிஸ்டர் ஏன் எப்போதும் எம்மைப் பின்பக்கத்திலேயே நிறுத்தினார் என்பது இப்போது விளங்குகிறது. இடம் காணாது என்று அப்போது நினைத்தோம்.

லத்தீன் குறைந்ததும் அதே காலத்தில்தான். 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. அதே 1963இல், 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்கடியில் கிடைத்த திருமேனிகளோடு, சுவாமி மலையில் கோணேசருக்குத் திரும்ப எழுந்த கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தது. ஒரே ஆண்டில் கோயில் மலைக்குத் திரும்பியது. தமிழ் பூசைக்கு வர வழி திறந்தது. லத்தீன் சுவரேடுகள் அலுமாரிக்குள் போயின. கறையான் தின்றது போக எமக்குக் கிடைத்தவை சில தாள்கள். ஓ வோஸ் ஓம்னெஸின் இரண்டாம் குரல் அவற்றுள் ஒன்று. அதைப் பாடியவரிடமே கொடுத்துவிட்டோம்.

இரண்டாவது கூட்டத்தில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். பாடுமுன் வாசகத்தின் பொருளையும், அது யாருடைய கோயிலைப் பற்றியது என்பதையும் தமிழில் சொல்ல வேண்டும். கோணமாமலைப் பதிகம் முதலில் வர வேண்டும். மூத்த அக்கா, வியாகுலப் பிரசங்கத்தில் ஒரு பகுதியும் பிறகு வர வேண்டும் என்றார். இரண்டும் ஏற்கப்பட்டன. பழக்கம் சனிக்கிழமைகளில், பின்னேரம் நான்கு மணிக்கு, பழைய மண்டபத்தில். மூன்று குரலாகக் குறுக்காமல் இம்முறை நான்காகவே பாடுகிறோம். கீழ்க்குரலுக்கு எமது மாப்பிள்ளைமார் மூவர் பிடித்திழுத்து வரப்பட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் சுருதி நிற்கிறது. அவர்கள் பின்பக்கத்தில் நிற்பார்கள்.